தேர்வீதியில் தையலம்மாள் வாங்கிய வீடு

அபிஷேகப்பாக்கத்தில் சம்மந்தத்தின் வீடு வயலுக்கு நடுவில் தனியாக நிற்கும். மூன்று பக்கம் நெல், ஒரு பக்கம் வாய்க்கால். உப்பு தீர்ந்தால்கூட வரப்பிலேயே அரை மைல் நடந்து போய்த்தான் வாங்கிவர வேண்டும். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் பண்ணினவள் தையலம்மாள். பிள்ளை கிடையாது என்று ஊர் சொல்லும். ஒன்று பிறந்து பதினோரு நாள் இருந்தது. அதை அவள் சேர்த்துத்தான் பேசுவாள், ஊர் சேர்க்காது.

சம்மந்தத்துக்கு வலது கால் யானைக்கால். அந்தப் பக்கத்தில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் இருந்த சீக்குதான், அதிசயமில்லை. அமாவாசை நெருங்கினால் தொடையில் நெறி கட்டிக் காய்ச்சல் வரும். நாலு நாள் போட்டு உலுக்கிவிட்டு, போகும்போது காலில் இன்னும் கொஞ்சம் கனத்தை வைத்துவிட்டுப் போகும். அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டே பயிர் வைத்த மனுஷன். தன்னால் யாருக்கும் இடைஞ்சல் கூடாது என்பது அவர் சுபாவம். கல்யாண வீட்டுக்குப் போனால், காலை மடக்கி உட்கார முடியாது என்று கடைசிப் பந்தியில் ஓர இலையாகப் பார்த்துத்தான் உட்காருவார்.

ஒரு ஐப்பசியில் வரப்பு வழுக்கி நடவு வயலில் விழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் சேற்றோடு சேர்த்துத் தூக்கி வாய்க்கால் கரையில் வைத்தார்கள். சிரிக்கவில்லை, பாவம், அவர்களும் பயந்துதான் போனார்கள். ஆனால் சம்மந்தம் அன்றைக்குப் பிறகு வாசலைத் தாண்டவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், ஆறு வருஷம் தாண்டவில்லை. பயிரைத் தம்பி மகன் குழந்தைவேல் பார்த்துக்கொண்டான். சம்மந்தம் வீட்டுக்குள் இருந்தபடியே மழையை மட்டும் விசாரிப்பார்.

தையலம்மாள் ஒரு பிரதோஷத்துக்கு வில்லியனூர் போனவள், தேர்வீதியில் ஒரு வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தாள். பழைய காலத்து வீடு. நெட்டையாக உள்ளே போகிறது, நடுவில் முற்றம், பின்னால் கிணறு. வீட்டுக்காரர் சிங்காரவேலு சைகோனுக்குக் கணக்கு வேலைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார் என்றார்கள். அவள் வீட்டையா பார்த்தாள்? வாசலில் நின்று, அங்கிருந்து கோயில் வாசல் வரைக்கும் அடி எண்ணிக்கொண்டு நடந்தாள். நாற்பத்திரண்டு. திரும்பி வந்து வைத்தியர் வீட்டுக்கு எண்ணினாள். வெற்றிலைக்கடைக்கு எண்ணினாள். செக்குக்கு, சந்தைக்கு, நாவிதர் கடைக்கு. தெருவில் போகிறவர்கள் பார்த்துவிட்டு, ஏதோ வேண்டுதல் போலிருக்கிறது என்று வழி விட்டார்கள்.

அன்று சாயங்காலம் வந்து புருஷனிடம் சொன்னாள்.

"கோயிலு நாப்பத்திரண்டு அடி. வெத்தலைக்கடை அதுக்கும் கம்மி."

"உன் காலுக்கா, என் காலுக்கா?"

"உங்க காலுக்கு அறுபதுன்னு வெச்சிக்கோங்க. வரப்பு இல்ல, சேறு இல்ல. கல்லு பாவின தெரு. சுவத்தைப் புடிச்சிக்கினே போயிடலாம்."

"எதுக்குடி இந்த வயசுல ஊரு மாறுறது?"

"நடக்கறதுக்கு," என்றாள் அவள்.

அவர் சிரித்தார். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது, வைத்தியர் வீடு எத்தனை அடி என்று அவராகவே கேட்டார். அதோடு அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்தால் விடுகிற பிறவி இல்லை அது. நிலத்தையும் வீட்டையும் விலை பேசிக் குழந்தைவேலுக்கே எழுதிக்கொடுத்தார்கள். புதுச்சேரியில் மில் வேலைக்காரர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்ததே, அதற்கு அடுத்த தை மாசம் தேர்வீதி வீட்டுக்குப் பத்திரம் எழுத நொத்தேர், அதாவது பிரெஞ்சு சர்க்காரின் பத்திர அதிகாரி, முன்னால் போய் உட்கார்ந்தார்கள். நொத்தேர் பிரெஞ்சில் கடகடவென்று படித்தார். குமாஸ்தா தமிழில் சொன்னார். கேட்க வேண்டியது ஏதாவது உண்டா அம்மா என்றார். தையலம்மாள் கேட்டாள். கிணறு கோடையில் வற்றுமா, வடக்குச் சுவர் நமக்கா பக்கத்து வீட்டுக்கா, தூம்புத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று ஒன்று விடாமல் கேட்டாள். எல்லாம் வீட்டைப் பற்றித்தான். வீதியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வயல்காட்டில் இருந்து வந்தவளுக்கு, வீதி என்றால் நடக்கிற இடம், வேறென்ன.

மாசி, பங்குனி, சித்திரை. இந்த மூன்று மாசம்தான் அவர்கள் வாழ்ந்தது. சம்மந்தம் நடந்தார். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு வெற்றிலைக்கடை வரை. பிறகு நாவிதர் கடைக்குத் தானாகப் போய் முகம் மழித்துக்கொண்டு வந்தார், ஆறு வருஷத்துக்குப் பிறகு. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலடி வரைக்கும் போய்விட்டார். தையலம்மாள் தெருத் தெருவாகத் தேடினால், மனுஷன் புளியமரத்தடியில் உட்கார்ந்து, விழுப்புரத்து வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"இன்னா, ஏறிப் போவலாம்னா?" என்றாள்.

"எங்க போறது? வூடு இங்கதானே இருக்குது."

அந்த 'வூடு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்கு நிலம் போனது, ஊர் போனது எல்லாம் மறந்துபோயிற்று.

பக்கத்து வீட்டு விருத்தாம்பாள் நல்லவள். கைம்பெண், தனியாக இருந்தாள், சுவருக்கு மேலேயே குழம்பு கைமாறும். ஆனால் தெருவுக்கு இவர்கள் புதுசு. எத்தனை தடவை பேர் சொன்னாலும், "சைகோன்காரர் வூட்டுல இருக்கிறவங்க" என்றுதான் சொல்வார்கள். தையலம்மாளுக்கு அது முள்ளாகக் குத்தும். காசு கொடுத்து வாங்கினோம், குடி இருக்கவா வந்தோம் என்று விருத்தாம்பாளிடம் பொருமுவாள். "சொல்ற வாய் சொல்லட்டும் அக்கா, தூங்குறது நீங்கதானே," என்பாள் விருத்தாம்பாள்.

வைகாசியில் கோயிலுக்குக் கொடி ஏறியது. பத்து நாள் உற்சவம், ஒன்பதாம் நாள் தேர். கொடி ஏறிய அன்று காலையில், வீதிக்குப் பெரியவர் சிவப்பிரகாசம் கை நிறைய மஞ்சள் நூலோடு வீடு வீடாக வந்தார். ஆற்றுக்கு அந்தண்டை கரும்புத் தோட்டம் உள்ளவர், அதட்டிப் பேசாத மனுஷர். வாசலில் நின்று சொன்னார்.

"வூட்டுக்கு ஒரு கை. காப்பு கட்டிக்கிறது யாரு?"

"கட்டிக்கினா இன்னா செய்யணும்?" என்றாள் தையலம்மாள்.

"ஒண்ணும் செய்ய வாணாம் தங்கச்சி. கொடி இறங்குற வரைக்கும் எல்லை தாண்டக் கூடாது. மேக்கால ஆறு, கிழக்கால ரயிலடி. கட்டின கை அதுக்குள்ளதான் இருக்கணும்."

சம்மந்தம் உள்ளேயிருந்து மெதுவாக வந்தார். "அமாவாசை வருதுங்க. எனக்குக் காய்ச்சல் வர்ற நேரம். அடுத்த வருஷம் கட்டிக்கிறனே."

"கட்டாயம் ஒண்ணியும் இல்லப்பா," என்றார் சிவப்பிரகாசம், நல்ல மனசோடுதான். "சிங்காரவேலு கப்பல் ஏறினதுல இருந்து இந்த வூட்டுக்குக் கட்டறதே இல்ல. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இருக்கட்டும் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்காரன் ஊரில் இல்லை என்று அர்த்தம். தையலம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. புருஷன் கையைப் பிடித்து நீட்டினாள்.

"வூட்டுக்காரர் இங்க நிக்கிறார். கட்டுங்க."

"தையலு, அவசரப்படாத," என்றார் சம்மந்தம்.

"நீங்க சும்மா இருங்க. அமாவாசைக் காய்ச்சல் நாலு நாள். அது வந்து போறதுக்கு எல்லை எதுக்குத் தாண்டணும்?"

மஞ்சள் நூல் கையில் ஏறியது. சம்மந்தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன மனுஷன்தான், கட்டிய பிறகு அவருக்கும் சந்தோஷம் வந்தது. குளிக்கும்போது அது நனையாமல் கையைத் தூக்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. நெறி கட்டியது, கால் சிவந்தது. எப்போதும் வருகிற மாதிரிதான். நாலாம் நாள் அது எப்போதும் மாதிரி இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு இடம் கறுத்துப் பளபளவென்று ஆகி, தொட்டால் நெருப்பாகச் சுட்டது. வைத்தியர் பற்றுப் போட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே சீழ் கட்டுகிறது, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கீறி எடுங்கள் என்றார். தையலம்மாள் ஓடினாள். சிவப்பிரகாசம் பந்தல் வேலையில் நின்றார்.

"அண்ணா, காப்பை அவுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். வந்து மறுபடி கட்டிக்கிறோம்."

"அது இன்னா துண்டா தங்கச்சி, அவுத்து அவுத்துப் போட்டுக்க? இந்த வீதியில இதுவரைக்கும் யாரும் நடுவுல அவுத்தது இல்ல. அமாவாசைக்கு அமாவாசை வர்ற காய்ச்சல்தானேன்னு நீதானே சொன்ன. ஆறு நாள் பொறு."

"ஆறு நாள் தாங்குமா?"

"சாமி பாத்துக்கும்."

அவள் திரும்பி வந்தாள். இந்த இடத்தில்தான் அவள் மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். ஆயுசு முழுக்கப் பிடிவாதக்காரி என்று பேர் வாங்கினவள், பிடிக்க வேண்டிய அன்றைக்கு விட்டுவிட்டாள். வந்த வருஷமே காப்பை அறுத்தவர்கள் என்று வீதி சொல்லுமே என்று பார்த்தாள். அதைவிட, தன் கையால் நீட்டிய கையைத் தானே எப்படி இழுத்துக்கொள்வது என்று பார்த்தாள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து அரைத்துப் போட்டாள். ஐந்தாம் நாள் போனது. ஆறாம் நாள் அவர் பேச்சு குழறியது. நடுநடுவே தெளிந்து, "சாமி புறப்பாடு ஆச்சா?" என்று கேட்பார். வாசலில் மேளம் போகும், அவர் படுத்தபடி கும்பிடுவார்.

ஏழாம் நாள் காலையில் சிவப்பிரகாசம் வந்தார். கூடத் தெருக்காரர்கள் மூன்று பேர். உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள், முற்றத்துக்கு நகர்ந்தார்கள். தையலம்மாள் கேட்டாள்.

"இன்னா பாக்குறீங்க?"

சிவப்பிரகாசம் அவள் பக்கம் திரும்பினார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "தங்கச்சி, நீ தப்பா எடுத்துக்கக் கூடாது. ரெண்டு நாள்ல தேரு. வீதியில ஒரு உசிரு போச்சுன்னா, எடுக்கிற வரைக்கும் கோயில் நடையைச் சாத்தணும். மத்த நாளா இருந்தா சாத்திட்டு, எடுத்தப்புறம் தொறப்பாங்க. உற்சவத்துல அப்படி ஆச்சுன்னா தேரு நின்னுபூடும். எத்தினி ஊரு ஜனம் வருது."

"இவரு உசிரோட இருக்கிறாரு."

"இருக்கிறாரு. இருக்கட்டும்னுதான் நாங்களும் வேண்டிக்கிறோம். ஆத்துக்கு அந்தாண்ட என் ஆலைக் கொட்டாய் காலியா கிடக்குது. பெருக்கி, தண்ணி தெளிச்சி வெக்கச் சொல்லிட்டேன். கொடி இறங்குற வரைக்கும் அங்க வெச்சிப் பாத்துக்க."

தையலம்மாள் முற்றத்தில் இறங்கி அவர்கள் எதிரில் வந்து நின்றாள். பிறகு பேசியது நாலு வீட்டுக்குக் கேட்டது.

"ஆறு ஓரம்தானே எல்லைன்னு சொன்னீங்க? மூணு நாளைக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு உங்க எதுக்க வந்து நின்னேன். கட்டின கை எல்லை தாண்டக் கூடாதுன்னு அனுப்பினீங்க. இப்போ அதே கையைத் தூக்கிக்கினு போய் அந்தாண்ட போடுன்றீங்க. பொழைக்கப் போறதுக்குத்தான் எல்லையா? சாவப் போறதுக்கு இல்லியா?"

கூட வந்தவர்களில் ஒருத்தர் தரையைப் பார்த்துக்கொண்டு, "காப்பை அறுத்துட்டா அவரு வீதிக்காரர் இல்லைன்னு ஆயிடும். அப்புறம் எல்லை பேச்சு இல்ல," என்றார்.

"பத்திரம் எழுதி வாங்கின வூடுய்யா இது."

"வூடு உன்னுதுதான்மா. யாரு இல்லேன்னா?"

விருத்தாம்பாள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஓடி வந்தாள். "நீங்க மனுஷங்கதானா? இன்னும் மூணு நாள் கண்ணை மூடிக்கினு இருங்களேன்," என்று அவளும் சண்டைக்கு நின்றாள். சத்தம் ஏறியது. அந்தச் சத்தத்தில், கட்டிலில் இருந்து சம்மந்தம் கூப்பிட்டார். தெளிவாகத்தான் கூப்பிட்டார்.

"பெரியவரே."

எல்லாரும் உள்ளே போனார்கள். சம்மந்தம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"அறுத்துடுங்க. எங்களால தேரு நிக்கக் கூடாது."

"நான் வுட மாட்டேன்," என்றாள் தையலம்மாள்.

"நீ கட்டச் சொன்ன, கட்டிக்கினேன். இப்போ நான் சொல்றேன், நீ கேளு. ஊரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்?"

அவள் கட்டிலை விட்டு விலகினாள். சிவப்பிரகாசம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அரிவாள்மணையில் அறுக்க மனசு வராமல், நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அறுத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் முடிந்துகொண்டார். கட்டிலோடு நாலு பேர் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். வீதி முழுக்க மாவிலை கட்டியிருந்தது. அதன் கீழே வண்டி போனது. பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொடுமைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. பார்க்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

ஆறு வறண்டு மணலாகக் கிடந்தது. அந்தண்டைக் கரையில் ஆலைக் கொட்டகை. கரும்பு சீசன் முடிந்து பானைகள் கவிழ்த்து வைத்திருந்தன. தரையெல்லாம் வெல்லப் பாகு ஒட்டிக் கறுத்து, எறும்பு மொய்த்தது. கட்டில் கால் நாலுக்கும் கீழே தண்ணீர்க் கொட்டாங்கச்சி வைத்தாள் தையலம்மாள். காப்புத்தான் அறுந்துவிட்டதே, இனி ஆஸ்பத்திரிக்காவது கொண்டுபோவோம் என்று குழந்தைவேலுக்கு ஆள் அனுப்பினாள். அவன் மாட்டை விரட்டிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் வந்து சேர்ந்தான். விருத்தாம்பாள் சும்மா இருக்கவில்லை, அவள் பங்குக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டுக் கட்டுகிற சூசைநாதன் பக்கத்து ஊரில் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தார், அவரைத் தேடிப் பிடித்து அனுப்பினாள்.

சூசைநாதன் காலைப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். வெளியே வந்து கையை மண்ணில் தேய்த்துக் கழுவினார்.

"வண்டியில இட்டுக்கினு போவலாமா?" என்றான் குழந்தைவேல்.

"போவலாம். போய்ச் சேர மாட்டாரு. விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டாள் தையலம்மாள்.

அவர் அவள் முகத்தைப் பார்த்து, பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார் போலிருக்கிறது. சொல்லவில்லை. "மூணு நாளைக்கு முன்னாடின்னா கீறி எடுத்திருப்பாங்கம்மா," என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். அழவில்லை. உள்ளே போய், பற்றுக்கு மஞ்சள் அரைக்க உட்கார்ந்தாள். இனி அது எதற்கு என்று குழந்தைவேல் கேட்கப் பார்த்து, கேட்காமல் இருந்துவிட்டான்.

இன்றோ நாளையோ என்று வீதி பயந்து வெளியேற்றிய உயிர், போகவில்லை. அதுதான் பெரிய கொடுமை. எட்டாம் நாள் இருந்தார். ஒன்பதாம் நாள் இருந்தார். அன்றைக்குக் காலையிலிருந்தே ஜனம் ஆற்று மணலில் சாரி சாரியாக வில்லியனூர் பக்கம் போனது. கொட்டகையைத் தாண்டும்போது சிலர் எட்டிப் பார்த்து, யாரோ சீக்காளி என்று தள்ளிப் போனார்கள். உச்சிக்கு வேட்டு வெடித்தது, மேளம் கேட்டது. சம்மந்தம் கண்ணைத் திறந்தார்.

"தேரு நம்ம வூட்டாண்ட வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"தேங்கா ஒடைச்சாங்களா?"

"விருத்தாம்பா ஒடைச்சா. உங்க பேரு சொல்லித்தான்."

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. காப்பு அறுந்த வீட்டுக்குத் தட்டு வாங்கமாட்டார்கள். தேர் அந்த வாசலில் நிற்காமல் நகர்ந்தது. விருத்தாம்பாள் தேங்காயை வைத்துக்கொண்டு நின்று, நின்று, உள்ளே போனாள். இதெல்லாம் தையலம்மாளுக்கு அப்புறம் தெரிந்தது. அப்போது தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள்.

பத்தாம் நாள் ராத்திரி கொடி இறங்கியது. பதினோராம் நாள் விடிந்ததும் விடியாததுமாக அவள் வண்டியைப் பூட்டச் சொன்னாள். சிவப்பிரகாசமே ஆற்றுக்கு வந்து, கட்டிலுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். அவள் தடுக்கவில்லை. வீட்டு வாசலில் இறக்கி, உள்ளே கொண்டுபோய் முற்றத்தை ஒட்டிக் கிடத்தினார்கள். வெளிச்சம் நன்றாக விழுகிற இடம். அங்கே உட்கார்ந்துதான் மூன்று மாசமும் அவர் வெற்றிலை போட்டார்.

"வந்துட்டோம், கண்ணைத் தொறங்க," என்றாள். "நம்ம வூடு."

சம்மந்தம் தூணைப் பார்த்தார், ஓட்டைப் பார்த்தார்.

"யாரு வூடு இது?"

"நம்ம வூடு. நாம வாங்கின வூடு."

"இல்ல தையலு. இது அவங்க வூடு. யாராவது வரதுக்குள்ள எழுந்து போயிடலாம்."

"யாரும் வர மாட்டாங்க."

"வருவாங்க. நாலு பேரு வருவாங்க. வண்டியைப் பூட்டச் சொல்லு, நம்ம வூட்டுக்குப் போயிடலாம். வாய்க்கால் தாண்டினா வந்துடும்."

அவள் சொல்லாத வழி இல்லை. நாற்பத்திரண்டு அடியில் கோயில் என்றாள், வெற்றிலைக்கடை என்றாள், ரயிலடியில் வண்டி பார்த்ததைச் சொன்னாள். நொத்தேர் முன்னால் கை நாட்டு வைத்ததைச் சொன்னாள். பத்திரத்தை எடுத்து வந்து அவர் நெஞ்சின் மேல் வைத்தாள். அதைக் கையால் ஒதுக்கினார். "அவங்க பொருளு, எடுத்த எடத்துல வெச்சிடு," என்றார். அன்றைக்கு முழுக்க அதே பேச்சு. விருத்தாம்பாள் கஞ்சி கொண்டுவந்தாள். "இந்த அம்மாவுக்கு எவ்ளோ கஷ்டம் நம்மால," என்று அவளைக் கும்பிட்டார். விருத்தாம்பாள் கஞ்சியை அப்படியே வைத்துவிட்டு ஓடிப்போனாள். எழுந்திருக்கப் பார்ப்பார், முடியாது. யாராவது வாசலில் நடந்தால் உடம்பெல்லாம் சுருங்கும்.

மறுநாள் உச்சிப் பொழுதுக்கு, தையலம்மாளின் பிடிவாதம் அற்றுப் போயிற்று. இந்த வீடு என்னுடையது என்று உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போட்டிருப்பாள். இவரிடம் போட முடியவில்லை.

"சரி," என்றாள். "அவங்க வூடுதான். கிளம்பலாம்."

அவர் முகம் அப்போதுதான் கொஞ்சம் இளகியது. "சொல்லிக்கினு போவலாம். சொல்லாம போனா நல்லா இருக்காது."

"சொல்லிட்டேன்."

இரண்டு புடவை, ஒரு வேட்டி, ஒரு சொம்பு, மூட்டையாகக் கட்டினாள். அவர் கண்ணுக்குப் படுகிற மாதிரி கட்டில் ஓரத்தில் வைத்தாள். வாசலுக்குப் போய்க் குழந்தைவேலிடம், வண்டியைப் பூட்டு என்றாள்.

"எங்க பெரிம்மா போறது?"

"எங்கியும் இல்ல. மாடு கழுத்து மணி அவருக்குக் கேக்கணும். பூட்டு."

அவன் பூட்டினான். மாடு தலையை ஆட்டியது, மணி கேட்டது. தையலம்மாள் மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பயணத்துக்கு உட்காருகிற மாதிரி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைப் பிடித்தாள். மஞ்சள் நூல் கட்டியிருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் நிறம் ஒட்டியிருந்தது.

"எவ்ளோ தூரம் இருக்குது?" என்றார்.

"கிட்டத்துல வந்துட்டோம்."

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்கவும் இல்லை.

குழந்தைவேல் உள்ளே வந்து பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். விருத்தாம்பாளின் ஓலம் சுவருக்கு மேலே கேட்டது. வீதிக்காரர்கள் வந்தார்கள், எல்லாரும் வந்தார்கள், பந்தல் போட ஆளுக்கு ஆள் கை கொடுத்தார்கள். கோயில் நடையைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவு கிட்டத்தில் இருந்தது கோயில். சிவப்பிரகாசம் வாசலில் நின்று, மாட்டை அவிழ்த்து ஓரமாகக் கட்டுப்பா, வெயில் கொளுத்துகிறது என்றார்.

"அவுக்காத," என்றாள் தையலம்மாள் உள்ளே இருந்து. "அவரை எடுக்கிற வரைக்கும் பூட்டியே நிக்கட்டும்."

அது பாட்டுக்கு நின்றது. மூட்டையை அவள் மடியை விட்டு இறக்கவில்லை. குளிப்பாட்ட வந்த பெண்கள் எவ்வளவோ சொல்லியும் இறக்கவில்லை.